படத்துக்குக் கீழே

மண்ணடியில் ஒரு தெருவில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு நான் ஒரு போட்டோ கடன்பட்டிருக்கிறேன். அந்தக் கடனைத் தீர்க்க இனி வழியில்லை. இதை எழுத வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு லென்ஸைப் பற்றி விளக்க வேண்டியிருக்குமே என்று தயங்கி விட்டுவிட்டேன். கவிதையும் விமர்சனமும் வருகிற பத்திரிகையில் லென்ஸுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். லென்ஸைச் சொல்லாமல் நான் செய்ததைச் சொல்ல முடியாது.

உயரமான ஒரு கட்டிடத்துக்கு முன்னால் நின்று காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால், படத்தில் இரண்டு பக்கச் சுவர்களும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கட்டிடம் மல்லாந்து விழப்போவது போலிருக்கும். இது லென்ஸின் குறை அல்ல. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதைச் செய்யும். காமிராவைச் சாய்க்கும்போது உள்ளே இருக்கிற பிலிமும் சாய்கிறது. சுவர் செங்குத்தாக நிற்கிறது. பிலிம் சாய்ந்து நிற்கிறது. இரண்டும் இணையாக இல்லாததால் கோடுகள் கூடுகின்றன. பிலிம் சுவருக்கு இணையாக நின்றால் கோடுகளும் நேராக நிற்கும். விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் ரசமட்டம் வைத்துக் காமிராவை நேராக நிறுத்தினால் கட்டிடத்தின் தலை படத்துக்குள் வராது. பாதிப் படம் தெருவாக இருக்கும். இதற்கு ஒரு வழி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. துருத்தி வைத்த பெரிய காமிராக்களில் லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்தலாம். பிலிம் இருந்த இடத்தில் செங்குத்தாகவே இருக்கும். லென்ஸ் ஏற ஏற, கட்டிடத்தின் மேல்பகுதி படத்துக்குள் இறங்கி வரும். தெரு கீழ் விளிம்பு வழியாக வெளியே போய்விடும்.

துருத்தி இல்லாத காமிராக்கள் வந்தபோது இந்த வசதி போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவரத்தான் நகரும் லென்ஸ்கள், ஷிப்ட் லென்ஸ்கள் என்று சொல்கிறோமே அவை, செய்யப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் நிக்கான் 35 மி.மீ. பிலிம் காமிராவுக்கு ஒன்று செய்தது. 1973ல் கானன், நகர்வதோடு சாயவும் செய்கிற ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய துருத்திக் காமிராவுக்கும் இந்தச் சின்னக் காமிராவுக்கும் நடுவில் இருப்பவை 120 பிலிம் போடும் காமிராக்கள். அவற்றுக்கு இத்தகைய லென்ஸ்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாமியா 645க்கு ஒரு 50 மி.மீ., பென்டாக்ஸ் 6×7க்கு ஒரு 75 மி.மீ., ரோலை 6000 வரிசைக்கு ஷ்னைடர் செய்த 55 மி.மீ. ஹாஸல்பிளாடோ தனி லென்ஸ் செய்யாமல், லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவில் பொருத்துகிற 1.4 மடங்கு இணைப்பு ஒன்றை பி.சி. மூட்டார் என்ற பெயரில் கொடுத்தது.

குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எந்த லென்ஸும் காமிராவுக்குள் வட்டமான பிம்பத்தைத்தான் விழவைக்கிறது. அந்த வட்டத்துக்குள் ஒரு சதுரத்தை நாம் வெட்டிக்கொள்கிறோம். 6×6 காமிராவில் சதுரம் உண்மையில் 56 மி.மீ. அதன் மூலைகளைத் தொட 79 மி.மீ. விட்டமுள்ள வட்டம் போதும். லென்ஸ் 12 மி.மீ. மேலே போக வேண்டுமென்றால் வட்டம் 98 மி.மீ. இருக்க வேண்டும். பரப்பில் இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அவ்வளவு பெரிய வட்டத்தின் ஓரம் வரை தெளிவாக இருக்கும்படி கண்ணாடி கடைவது செலவு பிடித்த காரியம். கட்டிடங்களை எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் துருத்திக் காமிராவே இருந்தது. பிறகு யார் வாங்குவது?

என்னிடம் இருப்பது கீவ் நகரத்து ஆர்சனல் தொழிற்சாலையில் செய்த ஆர்சாட் 55 மி.மீ. 2006ல் கீவ் 60 காமிராவோடு சேர்த்துப் பழையதாக வாங்கினேன். கனமானது, அழகில்லாதது. திறப்பைக் கையால்தான் மூட வேண்டும். பக்கத்தில் 12 வரை கோடு போட்டிருக்கும். திருகைத் தளர்த்தி லென்ஸைத் தள்ளினால் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சத்தத்துடன் ஏறும்.

இந்த வகை லென்ஸ்களுக்கு வைத்த பெயர் சரியில்லை என்பது என் கட்சி. பி.சி. என்று பொறித்திருக்கிறார்கள். பெர்ஸ்பெக்டிவைக் கட்டுப்படுத்துவது என்று அர்த்தம். எது பெரிதாகத் தெரிகிறது, எது சிறுத்துப்போகிறது, எது எதை மறைக்கிறது என்பதெல்லாம் நான் எங்கே நிற்கிறேன் என்பதைப் பொறுத்தது. காலடி நகராமல் அது மாறாது. லென்ஸ் 12 மில்லிமீட்டர் ஏறியதை நகர்ந்ததாகக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. ஷிப்ட் லென்ஸ் எதையும் திருத்துவதில்லை. ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் வட்டத்தில் எந்தப் பகுதியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை மட்டும் அது நம்மிடம் கொடுக்கிறது.

நம் ஊரில் இதன் அருமை கோபுரங்களில் தெரியும். கோபுரம் உண்மையிலேயே மேலே போகப் போகக் குறுகுவது. காமிராவைச் சாய்த்து எடுத்தால் ஸ்தபதி வைத்த குறுகலோடு காமிரா வைத்த குறுகலும் சேர்ந்துகொள்ளும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. மதுரைத் தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. அதன் விளிம்பு நேராக ஏறாமல் உள்வாங்கி வளைந்து ஏறும். அந்த வளைவைப் பார்க்க வேண்டுமானால் காமிரா நிமிர்ந்து நிற்க வேண்டும். என் லென்ஸை நகர்த்தாமல் முழுக் கோபுரத்தையும் எடுக்கக் கிட்டத்தட்ட 100 மீட்டர் பின்னால் போக வேண்டும். 12 மி.மீ. நகர்த்தினால் 70 மீட்டர் போதும். இந்த 30 மீட்டருக்குள் எத்தனை வீடு, எத்தனை மின்கம்பி!

இலவசமாக ஒன்றும் கிடைப்பதில்லை. பிம்ப வட்டத்தின் ஓரத்தில் விழுகிற உருண்டைப் பொருள் உருண்டையாக இருப்பதில்லை. உச்சியில் இருக்கும் கலசம் முழு நகர்த்தலில் ஏறத்தாழ கால் பங்கு நீண்டுவிடும். கோடு நேராகும், கலசம் முட்டையாகும். கொஞ்சம் தெரிந்தவர்கள் லென்ஸை முழுக்க ஏற்றாமல் ஒரு துளி சாய்வை விட்டுவைப்பது இதனால்தான். முற்றிலும் நிமிர்ந்த உயரமான கட்டிடம் மேல்பக்கம் அகன்று நம்மேல் கவிழ்வது போலக் கண்ணுக்குப் படும்.

1858ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லினேயஸ் ட்ரைப்பை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ராணுவ கேப்டன், சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். ஒரே இடத்தில் நின்று காமிராவைத் திருப்பிக்கொண்டே போயிருந்தால் எழுத்துகள் இரு பக்கமும் சாய்ந்து சிறுத்துப் போயிருக்கும். சுவருக்கு இணையாக இருந்தால்தான் எழுத்து எழுத்தாக நிற்கும். நான் கீழிருந்து மேலாகச் செய்வதைத்தான் அவர் இடமிருந்து வலமாக, கால்நடையாகச் செய்திருக்கிறார். அவருடைய பெரும்பாலான படங்களில் ஆள் கிடையாது. காகித நெகடிவுக்கு வெளிச்சம் நீண்ட நேரம் வேண்டும். நடமாடுகிறவர்கள் அதில் பதிய மாட்டார்கள். கோவில் மட்டும் இருக்கும், ஊர் காலியாகிவிடும்.

இதையெல்லாம் கவிதை எழுதுகிற ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் படங்களை மேஜைமேல் பரப்பியிருந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

“எல்லாம் நல்லாத்தான் நிக்குது. யாரோ பார்த்த மாதிரி இல்லையே.”

நான் சுவர், பிலிம், இணை என்று விளக்கினேன். கண் சாய்வைப் பார்த்தாலும் மூளை அதைத் திருத்திக்கொள்கிறது, நான் மூளை செய்வதைத்தான் செய்கிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சுவர் சாயறது பொய்யில்லைய்யா. ஒருத்தன் அண்ணாந்து பார்த்தான்கிறதுக்கு அது சாட்சி. நீ சாட்சியை ஊரைவிட்டு அனுப்பிட்டே” என்றார்.

இது கவிஞர்கள் பேசுகிற தினுசு என்று விட்டுவிட்டேன். தொழில் தெரியாதவர் என்றும் நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

2009ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மண்ணடியில் சுண்ணாம்புக் காரையும் மெட்ராஸ் டெரஸுமாக ஒரு பழைய கட்டிடம். மேலே கைப்பிடிச் சுவரில் சுதை வேலைப்பாடு. அதை இடிக்கப் போகிறார்கள். அதற்குமுன் பதிவு செய்து வைக்க ஓர் அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. வண்டி வாகனம், குப்பை, ஆட்கள் எதுவும் வேண்டாம், கட்டிடம் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தார்கள். எதிர்வீட்டு மாடி பால்கனியில் இடம் கேட்டு ஸ்டாண்டைப் போட்டேன். தரையிலிருந்து காமிரா 5 மீட்டர் உயரத்தில். எதிர்ச்சுவர் 9 மீட்டர் தூரத்தில்.

குனிந்து கிரவுண்ட் கிளாஸில் பார்த்தேன். லென்ஸ் பூஜ்யத்தில் இருந்தது. கைப்பிடிச் சுவர் வெட்டுப்பட்டிருந்தது. கீழே வாசல், அதன் முன்னால் ஓர் இஸ்திரி வண்டி, வண்டிக்குப் பின்னால் ஒரு பெரியவர், முழங்கால் வரை. இந்த வகைக் காமிராவில் மேலிருந்து பார்க்கும்போது இடது வலமாக மாறித் தெரியும். அவர் இடது கையால் தேய்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“சார், நான் வண்டியத் தள்ளிக்கவா?”

“வேணாங்க பெரியவரே. நீங்க அங்கயே இருங்க.”

இந்த பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. லென்ஸை 12க்கு ஏற்றினால் அவர் எப்படியும் படத்துக்கு வெளியே போய்விடுவார், கரி போட்டுப் பற்றவைத்த பெட்டியோடு வண்டியைத் தள்ளுவானேன் என்பதுதான் என் எண்ணம். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையின் மேல்பொத்தானைப் போட்டார். தலையைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டு, ஒரு கையை வண்டிமேல் ஊன்றி, நேராக என்னைப் பார்த்து நின்றார்.

நான் திருகைத் தளர்த்தி லென்ஸை ஏற்றினேன். கிரவுண்ட் கிளாஸில் சுதை வேலைப்பாடு இறங்கி வந்தது. ஒரு செங்கல் வரிசை விடாமல் நேராக நின்றது. கீழ் விளிம்பில் வண்டி போயிற்று, அவர் மார்பு போயிற்று, தலை போயிற்று. வாசல் நிலையின் மேல்கட்டையில் படம் முடிந்தது. நல்ல முடிவு. கட்டிடத்துக்கு அதுதான் அடி என்று யாரும் நினைப்பார்கள்.

அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். ‘நீங்க படத்துல வரலீங்க’ என்று மூன்றே வார்த்தை. சொல்லவில்லை. வெளிச்சம் போய்விடும், திறப்பை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ரோலில் 12 படம்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் நான் குனியும்போது அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நிற்பார். நான் நிமிர்ந்ததும் தேய்க்க ஆரம்பிப்பார். பன்னிரண்டு தடவை இது நடந்தது. யாரோ ஒருவருடைய வேட்டி அன்றைக்கு அரைமணி தாமதமாயிற்று.

ஒரு மாதம் கழித்து பால்கனி வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுக்கப் போனேன். 10 அங்குலச் சதுரம், சுற்றிலும் ஓர் அங்குல வெள்ளை ஓரம். பெரியவர் தெருவிலேயே பிடித்துக்கொண்டார்.

“நம்ம படம் வந்துடுச்சா சார்?”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கினார். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். “இம்மாந் நேரா இருக்கே. இத்தினி நாளு இங்க நிக்கிறேன், மேல அந்த யாளி இருக்குறதே எனக்குத் தெரியாது” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு அவர் கண் கீழ் விளிம்புக்கு வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ஆள்காட்டி விரலை எடுத்து, படத்துக்குக் கீழே, வெள்ளை ஓரத்தில் வைத்தார்.

“நான் இங்கதானே சார் நின்னேன்?”

கேள்வியில் கோபம் இல்லை. இடத்தைச் சரிபார்க்கிற மாதிரிதான் கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த தடவை வரும்போது அவரைத் தனியாக எடுத்துத் தருவதாகச் சொன்னேன். “அதனால என்னா சார்” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் அவர் விரல் பட்ட இடத்தில் லேசாகக் கரி படிந்திருந்தது. வீட்டுக்காரரிடம் அந்தப் பிரதியைக் கொடுக்க மனம் வரவில்லை. வேறு ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மி.மீ. நகர்த்தலில் என் படம் தரையிலிருந்து சுமார் 2.4 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அவர் தலை அதற்கு ஒரு மீட்டருக்குள் கீழே. பிரதியின் அளவில் ஓர் அங்குலம். அவர் விரல் வைத்த இடம் சரியானது. உடம்பின் மற்றதெல்லாம் அட்டைக்கு வெளியே.

இன்னொன்றும் தெரிந்தது. அவர் பிம்ப வட்டத்துக்கு வெளியே இல்லை. அவர்மேல் பட்டுத் தெறித்த வெளிச்சம் லென்ஸ் வழியாகக் காமிராவுக்குள் வந்திருக்கிறது, பன்னிரண்டு தடவையும். பிலிம் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, உட்சுவரின் கருப்புப் பெயின்டில் விழுந்து அணைந்திருக்கிறது. ட்ரைப்பின் படங்களில் ஊர் காலியானதற்கு காகிதத்தின் மந்தம் காரணம். அசையாமல் நின்றிருந்தால் பதிந்திருப்பார்கள். இவர் அசையாமல்தான் நின்றார்.

லென்ஸ்மேல் பழி போட முடியாது. காமிராவைச் சாய்த்திருந்தாலும் அவர் போயிருப்பார். சதுரம் ஒன்றுதான், தலை வேண்டுமானால் கால் போகும். ஆனால் சாய்ந்த படம் தான் எதையோ விட்டுவிட்டு மேலே பார்ப்பதை ஒத்துக்கொள்கிறது. கூடுகிற கோடுகளைக் கீழ்ப்பக்கமாக நீட்டிக்கொண்டு போனால் அங்கே தரை இருக்கிறது, தரையில் யாராவது இருக்கலாம் என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். நிமிர்ந்த படத்தில் அந்தத் தடயம் இல்லை. வெட்டிய இடமே முடிவான இடம் போலத் தெரிகிறது. நண்பர் சாட்சி என்று சொன்னது இதைத்தான். உன்னிப்பாகப் பார்த்தால் வேறு சின்னச் சாட்சிகள் அகப்படும். மேல்மாடி சன்ஷேடுகளின் அடிப்பக்கம் தெரியும். நேர்க்கோடுகள் எவ்வளவு சொன்னாலும், எடுத்தவன் அதற்குக் கீழே நின்றான் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் யார் அவ்வளவு பார்க்கிறார்கள்? இப்போது கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் எந்தச் சாய்ந்த கட்டிடமும் நிமிர்ந்துவிடுகிறது. சாய்ந்திருந்தது என்பதே எடுத்தவனுக்கும் மறந்துபோகும்.

நாம் எழுதுகிற விமர்சனத்திலும் இந்த நேர்த்தி உண்டு என்று எனக்குச் சந்தேகம். அண்ணாந்து பார்த்து எழுதுவதைக் கேலி செய்தோம். அது நியாயமான கேலிதான். அப்படி எழுதியதில் ஆசிரியர்களின் தலை சிறுத்துப்போயிற்று. பிறகு நாம் மாடி பால்கனி ஒன்றைக் கண்டுபிடித்து, ரசமட்டம் வைத்து, செங்கல் பிசகாமல் எழுத ஆரம்பித்தோம். அடித்தளம் வாசல் நிலையோடு முடிகிறது. கீழே யாரும் நிற்கவில்லையா என்று கேட்டால், கட்டுரைக்கு அது தேவையில்லை என்கிறோம். தேவையில்லாமல் இருக்கலாம். தேவையில்லை என்று தீர்மானித்தது நாம் என்பதையாவது எழுத்தில் விட்டுவைக்கலாம்.

இப்போது நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும் முதல் படத்தை லென்ஸ் பூஜ்யத்தில் இருக்கும்போதே எடுத்துவிடுகிறேன். தலை வெட்டுப்பட்ட, தெரு நிறைந்த படம். அதைக் கேட்கிறவர்கள் யாரும் இல்லை. பிலிம் விலையில் ரோலுக்கு ஒன்று வீண் என்று லேபில் சொல்கிறார்கள். கூடவே, யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, படத்தில் வருகிறீர்கள், வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சொல்வது கஷ்டமாக இல்லை. வரவில்லை என்றால் அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

2011ல் அந்தத் தெருவுக்கு மறுபடி போனேன். 35 மி.மீ. காமிராவும் சாதாரண லென்ஸும் எடுத்துக்கொண்டு போனேன். கட்டிடம் இருந்த இடத்தில் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். வண்டி இல்லை. எதிர்வீட்டில் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டேன். இஸ்திரிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம் என்றார்கள்.

அந்த ரோலின் பன்னிரண்டு நெகடிவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் யாளியின் பல்வரிசை வரை தெரிகிறது. கரி பட்ட பிரதியையும் வைத்திருக்கிறேன்.